பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றுவதா, மாற்றுவதா?

கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது, நிறமும் கறுத்திருக்கிறது. ஒரு மெக்கானிக் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, மாற்றுவதென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, அந்த ஆயில் உடம்பில் பட்டால் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேக் வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மூன்றுக்கும் முன்னால் பதில் காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குறைந்த ஆயில் எங்கே போனது?

ஹைட்ராலிக் பிரேக் ஒரு மூடிய அமைப்பு. எஞ்சின் ஆயில் எரிந்து குறையலாம். பிரேக் ஆயில் அப்படிக் குறைவதில்லை. அதன் அளவு இறங்கச் சாதாரணமாக இரண்டே காரணங்கள். ஒன்று, டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் பேட் தேய்வது. டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து நிற்கும். அது விட்டுவந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். ஆயில் எங்கும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புதுப் பேட் முழுதும் தேய்ந்து தீரும்வரை ஏற்படும் இந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் டப்பாவின் கொள்ளளவை அமைக்கிறார்கள். இரண்டாவது காரணம், கசிவு.

உங்கள் விஷயத்தில் என்னை உறுத்துவது அந்தக் குறைந்த கிலோமீட்டர். முன் பேட்கள் பொதுவாக இதைவிட அதிக தூரம் தாங்கும். மலைப்பாதையிலோ ஓயாத நெரிசலிலோ ஓட்டியிருந்தால் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இல்லையென்றால் கசிவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். காரைப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்த்துவிடலாம். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்து, பேட்டில் உராயும் பகுதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கவனியுங்கள். உள்பக்கப் பேட்டையும் பார்க்க வேண்டும். கேலிப்பர் நகர்ந்துகொடுக்கும் வழுக்கு ஊசி (பின்) இறுகிப்போனால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தேயும். மிச்சம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது என்றால் டப்பா இறங்கியதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது, பேட் மாற்றும் வேளையும் வந்துவிட்டது. பேட் தடிமனாக இருந்தும் டப்பா இறங்கியிருந்தால், கணக்கு உதைக்கிறது.

கசிவைத் தேடுகிறவர்களில் பலர் தரையில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுகிறார்கள். தரைக்கு வராமலே ஆயில் ஒளிந்துகொள்ளும் இடங்கள் உண்டு. பின்சக்கரத்தில் ட்ரம் பிரேக் இருந்தால், வீல் சிலிண்டரின் சீல் கசிந்து ட்ரம்முக்குள்ளேயே தங்கிவிடும். ட்ரம்மைக் கழற்றி, சிலிண்டரின் முனையில் இருக்கும் ரப்பர் உறையை மெல்லத் தூக்கிப் பார்த்தால் ஈரம் தெரியும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பின்புறச் சீல் போனால், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டருக்குள் ஆயில் இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தென்படாமல் போகலாம். இரண்டும் சேரும் இடத்துக்கு அடியில் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தால் அதுவே தடயம். கிளட்ச் ஹைட்ராலிக்காக இருக்கும் கார்களில் பலவற்றில் அதற்கும் இதே டப்பாதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளட்ச் சிலிண்டர் கசிந்தாலும் குறைவது பிரேக் ஆயில்தான். கிளட்சுக்குப் போகும் குழாயை டப்பாவில் சற்று உயரமாகவே பொருத்தியிருப்பார்கள். கிளட்ச் பக்கம் கசிந்தால் கிளட்ச் முதலில் செயலிழக்கட்டும், பிரேக்குக்கு ஆயில் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு அது. உங்கள் கிளட்ச் பெடல் அண்மையில் தளர்ந்ததுபோல் இருந்தால் அங்கிருந்தே தேடலைத் தொடங்குங்கள்.

இதனால்தான் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. அந்த டப்பாவின் கோடுகள் பேட்டின் தேய்மானத்தையும் கசிவையும் காட்டிக்கொடுக்கும் அளவுமானி. ஆயில் கீழே போனால் உள்ளே இருக்கும் மிதவை எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். காரணம் அறியாமல் மேல்கோடு வரை ஊற்றினால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: பேட் தேய்ந்த நிலையில் டப்பாவை நிரப்பிவைத்தால், புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் திரும்பி ஏறி வெளியே வழியும். விதிவிலக்கு ஒன்று மட்டும் சொல்வேன். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போய், மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று நுழையும் நிலை வந்துவிட்டால், சரியான வகை ஆயிலைக் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேல்வரை ஊற்றுவது காற்றை உள்ளே விடுவதைவிட மேல். பெடல் உறுதியாக இருந்து, எங்கும் ஈரம் தென்படாவிட்டால் மட்டுமே, அதுவும் அன்றைக்கே பட்டறைக்குப் போவதற்காக.

இனி உங்கள் இரண்டாவது மெக்கானிக். நான்கு ஆண்டுகளாக மாற்றாத ஆயிலை மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி. கார் அதிகம் ஓடவில்லையே என்பது இங்கே செல்லாது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் டாட் (DOT) 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை பெட்ரோலிய எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆனவை. இவற்றுக்கு ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. மூடியின் காற்றுத்துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் நீராவி மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஓடும் காருக்கும் நிற்கும் காருக்கும் இதில் வேறுபாடு பெரிதாக இல்லை. மின்சாரக் கார்களிலும் இதே கதைதான். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் அதிகம் தேயாது, ஆனால் ஆயில் தன்பாட்டுக்கு முதுமை அடைந்துகொண்டிருக்கும்.

நீர் ஏறுவதால் என்ன நடக்கும் என்பதை எண்களில் பார்க்கலாம். அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரம் 116 வகுத்த வரையறையைத்தான் கடையில் விற்கும் ஆயில் டப்பாக்களில் டாட் என்று அச்சிடுகிறார்கள். அதன்படி டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீத நீர் கலந்த நிலையில் குறைந்தது 140 டிகிரி. டாட் 4க்கு இவை 230, 155. டாட் 5.1க்கு 260, 180. புதிய ஆயிலின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குகிறோம், ஆனால் சில ஆண்டுகளில் நம் காரில் இருப்பது இரண்டாவது எண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் ஆயில்.

நீளமான மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் கேலிப்பருக்குள் அந்த வெப்பம் எட்டிவிட முடியும். பெடலை அழுத்தியிருக்கும்போது குழாயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் எளிதில் கொதிக்காது. காலை எடுத்தவுடன் அழுத்தம் விழுகிறது. அந்தக் கணத்தில்தான் நீராவிக் குமிழ்கள் பிறக்கின்றன. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். அடுத்த முறை மிதிக்கும்போது உங்கள் காலின் விசை குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரைக்குப் போகும், கார் நிற்காது. இறக்கத்தை முடித்துவிட்டுச் சிறிது நேரம் நிறுத்திப் புறப்படும்போது இது நேர்வதும் உண்டு. ஓடும்போது டிஸ்க்கைக் குளிர்வித்த காற்று நின்றுபோகிறது, டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குள் ஊறுகிறது. கொதித்த பிரேக்கை ஆறவிட்ட பிறகு பெடல் பழைய நிலைக்குத் திரும்பினாலும் அந்த ஆயிலை நம்பி அடுத்த இறக்கத்தில் இறங்கக் கூடாது. இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சினையே பிடிமானமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய அறிவுரை எந்தப் புதுக் காருக்கும் பொருந்தும்.

வெப்பத்தில் பேட்டே வழுக்கிப்போவது வேறு பழுது. அதில் பெடல் கல்லைப்போல் உறுதியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் தரைக்குப் போனதா, உறுதியாக இருந்தும் பிடிக்கவில்லையா என்பதை நினைவில் வைத்துச் சொன்னால் மெக்கானிக்குக் கண்டுபிடிக்கும் வேலை பாதியாகும். வேறு சில குறிகளும் உண்டு. பெடல் பஞ்சுபோல் இருந்தால் பெரும்பாலும் காற்று. சிக்னலின் சிவப்பு விளக்கில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போய், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உட்சீல் தேய்ந்திருக்கலாம். பெடல் வழக்கத்துக்கு மாறாகக் கடினமாகிவிட்டால் ஆயிலை விட்டுவிட்டுப் பூஸ்டரைப் பாருங்கள்: எஞ்சினை அணைத்துப் பெடலைச் சில முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்கினால், நல்ல பூஸ்டராக இருந்தால் பெடல் சற்றுத் தாழும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் உற்பத்தியாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. இரண்டு ஆண்டுகள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. மூன்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே உங்களுக்கான விடை. நிறத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கறுத்த ஆயிலைக் கண்டதும் கெட்டுவிட்டது என்றும், தெளிந்த ஆயிலைக் கண்டால் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டுவது பட்டறைகளில்கூட நடக்கிறது. நீருக்கு நிறம் இல்லை; பளிச்சென்ற ஆயிலிலும் அது கலந்திருக்கலாம். கறுப்பு பெரும்பாலும் ரப்பர் துகளாலும் சேர்மானங்கள் பழையதாவதாலும் வருவது. பேனா வடிவில் வரும் சோதனைக் கருவிகள் ஆயிலின் மின்கடத்தும் தன்மையை வைத்து நீரை மதிப்பிடுகின்றன. அந்தத் தன்மை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் முடிவைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மாதிரியை உண்மையாகவே கொதிக்கவைத்துப் பார்க்கும் கருவி நம்பத்தக்கது. எந்தக் கருவியானாலும் டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி கேலிப்பருக்குள் இருக்கும் ஆயிலின் நிலையை அப்படியே காட்டிவிடாது. நான்கு ஆண்டு ஆன ஆயிலுக்குச் சோதனையே தேவையில்லை என்பது என் கருத்து.

எந்த வகை ஊற்றுவது என்பதை மூடியின் மேலேயே எழுதியிருப்பார்கள். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றுவதைப் பல உற்பத்தியாளர்கள் அனுமதிக்கிறார்கள். தலைகீழாகச் செய்வது கொதிநிலையைக் குறைக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, ஊதா நிறம். மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 அதன் தம்பியைப்போல் ஒலித்தாலும் அது கிளைக்கால் வகை, டாட் 4இன் உறவு. கடைசியாக, எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறிக்கூடப் பிரேக் டப்பாவில் விழக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த அமைப்பின் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வண்டியை இயக்காமல் நிறுத்த வேண்டும். எண்ணெய் பரவியிருந்தால் கழுவிவிட்டால் போதாது, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டிவரும்.

வீட்டில் செய்யலாமா? ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) இல்லாத எளிய வண்டியென்றால், பொறுமையும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால், முடியும். முதல் முறை மட்டும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குத் தடை கொடுத்து, தூக்கிய காரை ஸ்டாண்டின் மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. டப்பாவின் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடையுங்கள், ஒரு மணல் துகள் சீலைக் கிழித்துவிடும். டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பிய பிறகே சக்கரங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலை வடிப்பதற்காக இருக்கும் பிளீடர் நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனை சிறிது ஆயில் இருக்கும் பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். துணையாள் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிப்பார், நீங்கள் நிப்பிளைத் திறப்பீர்கள், ஆயில் வரும், நிப்பிளை மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் காற்று உள்ளே போகும். புதிய ஆயில் குமிழ் இல்லாமல் வரும்வரை இதையே தொடருங்கள், நடுநடுவே டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ளதிலிருந்து என்று ஒரு பொதுவழக்கு இருக்கிறது; ஆனால் குறுக்காகப் பிரித்த இரட்டைச் சுற்று (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே சுற்றில்) உள்ள கார்களில் கையேடு வேறு வரிசை சொல்லலாம், அப்போது கையேட்டையே கேளுங்கள்.

இங்கே அனுபவம் கற்றுத்தரும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் அன்றாடம் போய்வரும் பகுதி மட்டும் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். இப்படி ஆயிலையும் காற்றையும் வெளியே எடுக்கும்போது பெடலை முழுதும் தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிந்துவிடலாம். வேலைக்கு முன் நன்றாக இருந்த பிரேக் வேலைக்குப் பின் இறங்குகிறதே என்று குழம்புபவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் சாதாரண ஸ்பேனரால் மல்லுக்கட்டாதீர்கள். முந்திய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஆறு முனை பொருந்தும் ஸ்பேனரால் மெல்ல அசைக்க வேண்டும். முறிந்தால் கேலிப்பரையே மாற்ற வேண்டிவரலாம். மீண்டும் மூடும்போதும் நிதானம் வேண்டும், நடுவே துளையுள்ள சிறு திருகு அது.

உங்கள் காரில் ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். பழைய ஆயிலை மாற்றுவது மட்டுமே வேலையென்றால் பல கார்களில் மேலே சொன்ன முறையே போதும். டப்பா காலியாகி ஏபிஎஸ் அலகுக்குள் காற்று போய்விட்டால் கதை மாறும். உள்ளிருக்கும் வால்வுகளைக் கணினிக் கருவியால் திறந்து மூடினால்தான் அது வெளிவரும். அந்தக் கருவி இல்லாதவர் அதை முயல வேண்டாம். பேட் மாற்றும்போது பிஸ்டனைத் தள்ளும் முன் அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்துவிடுவதும் நல்ல பழக்கம். கேலிப்பரில் தங்கிய அழுக்கு ஆயில் பின்னோக்கிப் போய் ஏபிஎஸ் அலகுக்குள் நுழையாது.

உடம்புக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு வருவோம். தோலில் எப்போதாவது பட்டால் பெரிய கேடில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனாலும் நைட்ரைல் கையுறை அணிந்துகொள்ளுங்கள். கண் வேறு விஷயம். நிப்பிளைத் திறக்கும்போது பீய்ச்சக்கூடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். விழுங்கினால் நஞ்சு. மீந்ததைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். நிறம் குளிர்பானம்போல் இருக்கும், குழந்தை எடுத்துக் குடிக்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்க முயலாமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம். நீச்சல் குளத்துக்கான குளோரின் பொடியோடு கலந்தால் சற்று நேரத்தில் தானாகவே பற்றி எரியும், ஆகவே இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். நீரில் கரையும் என்பது இங்கே மட்டும் நமக்குச் சாதகம்.

திறந்த டப்பாவில் மீந்ததை அடுத்த மாற்றத்துக்கு என்று எடுத்துவைப்பதில் சிக்கனம் இல்லை. திறந்த நாளிலிருந்து அது ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் சிறு டப்பாவாக வாங்குவது நல்லது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், பழைய எஞ்சின் ஆயிலோடும் கலக்காதீர்கள். தனிப் பாட்டிலில் பெயர் எழுதிக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். ட்ரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய வண்டியாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள். ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ உப்பலோ இருந்தால் அதே வேளையில் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸும் உள்ளே சுருங்கி, காலை எடுத்த பின்னும் பிரேக்கைப் பிடித்தபடி வைத்திருக்கக்கூடும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அதையும் சந்தேகப்பட்டியலில் சேருங்கள்.

ஆகவே உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பேட்டைப் பாருங்கள், பிறகு கசிவைத் தேடுங்கள், எது காரணமோ அதைச் சரிசெய்த பிறகு முழு ஆயிலையும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்குமுன் பெடலைப் பலமுறை மிதித்து உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட் மாற்றிய பிறகு முதல் மிதி தரைக்குத்தான் போகும், அதைச் சாலையில் கண்டுபிடிக்கக் கூடாது. பெடல் நிலைத்த பின் அதை அரை நிமிடம் பலமாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நான்கு நிப்பிள்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தேடும்போது சக்கரத்தின் உள்பக்கத்திலோ மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலோ ஈரத்தைக் கண்டால், பட்டறை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் காரை ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள், இல்லையென்றால் ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள்.